வெளியூர் போகாத அண்ணனுக்கு

அண்ணே,

நீ படுத்துக் கிடக்கும் நாட்களில், வருகிறவர்களிடம் வெளியூர் போயிருப்பதாகச் சொல்ல வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே நம் வீட்டில் எல்லோரும் கடைப்பிடிக்கும் சட்டம். மாசித் திருவிழாவில் நீ இரவு பகலாகத் தூங்காமல், ஓயாத பேச்சும் சிரிப்புமாக அலைந்தாய். "கருப்பசாமி எறங்கியிருக்காரு" என்று அம்மா கும்பிட்டாள். நாங்கள் திருநீறு வாங்கிக்கொண்டோம். இப்போதோ, "நான் இருந்து என்ன தாயி ஆகப்போகுது" என்கிறாய். இரண்டும் ஒரே நோயாக, இருமுனைக் கோளாறாக, இருக்கலாம் என்கிறார் நான் போய் விசாரித்த டாக்டர். உன்னைப் பார்த்தால்தான் உறுதியாகுமாம். மருந்து உண்டாம்.

ஆஸ்பத்திரியில் உனக்குச் சீட்டுப் போட நான் முன்னால் போகிறேன். மாமா ஆட்டோவில் அழைத்து வருவார். கஞ்சி அடுப்பில் இருக்கிறது. அம்மா உன் அறை வாசலிலேயே இருப்பாள், எரிந்து விழாதே. நேற்று நான் கத்தியதற்கு ஆஸ்பத்திரியில் வந்து திட்டிக்கொள்.

சத்யப்ரியா

வண்டிச் சாவி என்னிடம் இருக்கிறது, தேடாதே.

இன்னொன்று: இன்று என்னைப் பெண் பார்க்க வரவிருந்த எழுமலைக்காரர்களுக்கு நானே போன் செய்தேன். "அண்ணன் ஊர்ல இருக்காராம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"வீட்லதான் இருக்காரு. மனசு சரியில்லாமக் கெடக்காரு, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறோம். இன்னொரு நாளைக்கு வாங்க" என்றேன்.