ஷாந்தன் பெயர் இல்லாத காப்புறுதி

பிஸ்கட்டவே, 6 ஏப்ரல் 2025

அன்பு அண்ணா,

நீங்களும் நிலக்சி அண்ணியும் சுகம்தானே? டல்லாஸ் பக்கம், உங்கள் ஃபிரிஸ்கோவிலும், ஆலங்கட்டி கொட்டியதாம். இனி உங்கள் கம்பனிக்குக் கூரை திருத்தும் வேலை குவியும். அதனால்தான் மறுபடி நச்சரிக்கிறேன். எங்கள் காப்புறுதி அலுவலகத்தில் நீங்கள் எடுத்த விபத்துக் காப்புறுதி உங்கள் வேலையாட்களுக்கு மட்டும்தான். சொந்தத் தொழில் செய்கிறவர் தானாகக் கேட்டால்தான் அவரையும் சேர்ப்பார்கள். விண்ணப்பம் எப்பவோ ஈமெயிலில் அனுப்பிவிட்டேன். கையெழுத்து வையுங்கோ.

உங்கள் கௌசி

ஃபிரிஸ்கோ, 9 ஏப்ரல்

என்ர கௌசிக்குட்டி,

விழுகிற ஆள் நானில்லை. வேலை கொஞ்சம் ஓயட்டும், வைக்கிறேன். "அவள் கேக்கிறாள், ஒருக்கா வையுங்கோவன்" என்று இங்கே நிலக்சியும் தொடங்கிவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னை விழுத்தாமல் விடமாட்டீங்கள் போல!

அண்ணா

ஃபிரிஸ்கோ, 17 ஏப்ரல்

அன்புள்ள கௌசிகா,

கையெழுத்து வைத்த விண்ணப்பம் இத்துடன். திகதி போடவில்லை. ஏப்ரல் 10 என்று நீர் போட்டு உடனே அனுப்பிவிடும். இங்கே எல்லாரும் நலம். டெலிபோன் கோல் எடுக்க வேண்டாம்.

ஷாந்தன்

பிஸ்கட்டவே, 17 ஏப்ரல்

அண்ணி,

அண்ணா என்னை ஒருநாளும் கௌசிகா என்றோ நீர் என்றோ கூப்பிட்டதில்லை. எழுதியது நீங்கள்தானே? அவர் எப்போது விழுந்தார்? எழும்பி நடக்கிறாரா?

விழுந்த பிறகு வைத்த கையெழுத்துக்கு அந்தத் திகதியை நான் போடமாட்டேன். அது மோசடி, அண்ணி. என் வேலை போனால் போகட்டும், பிடிபட்டால் அண்ணாவையும் வழக்கில் இழுப்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேறு வழி தேடுவோம். கோலை எடுங்கோ.

கௌசி

ஃபிரிஸ்கோ, 29 ஏப்ரல்

கௌசிகா,

14ஆம் திகதி விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. உமது ஈமெயிலை வாசித்துக் காட்டினேன். "அவளிட்ட இனி ஒண்டும் கேளாத" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேறொரு காப்புறுதி முகவர் விண்ணப்பத்தில் முன்திகதி போட்டுத் தந்துவிட்டார். யாராவது விசாரித்தால் உமக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஈமெயில்களை அழித்துவிடும். அண்ணனுக்காக இதையாவது செய்யும்.

நிலக்சி

பிஸ்கட்டவே, 1 மே

அண்ணி,

வேலையாட்களின் பழைய காப்புறுதி எங்களிடம் என்பதால், இன்று காலை காப்புறுதிக் கம்பனி ஆட்கள் விசாரிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். அண்ணா எப்போது விழுந்தார், எப்போது கையெழுத்து வைத்தார் என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

இனி அவர்கள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். அதற்கு முன் நான் வருகிறேன். சனிக்கிழமை டல்லாஸில் இறங்குவேன். என்னைக் கண்டால் அண்ணா என்ன செய்வாரோ தெரியாது. அதுவரை அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன்.

கௌசி