ஆன்சி கொண்டுவந்த அசைவு

கேத்தி,
மார்ச் 14

அன்பு மகள் கெஸியாவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்கிறோம். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ ஒரு நிமிஷம்மா என்று போய்விடுகிறாய், அந்த ஒரு நிமிஷம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புவேன், தபால் வரவில்லை என்று நீ சொல்ல முடியாது. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஜனவரிப் பனியில் கேரட் தழையெல்லாம் கருகி, மிச்சத்தைக் காட்டெருமை வந்து மிதித்துவிட்டுப் போனது, அதற்கும் என் மேல்தான் கோபம், வேலிக் கதவை நான் சாத்தவில்லையாம்.

அங்கே பள்ளிக்கூடத்தில் நடனம் சொல்லிக் கொடுக்கிறவள் நீ, போன ஜூனில் எங்கள் ஆண்டு விழா நடனத்தைப் பற்றி நீ சொன்னது உனக்கு நினைவிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டெப் சொல்லிக் கொடுக்காதே அம்மா, சினிமாப் பாட்டுப் போட்டு ஆட வைக்காதே, ஒவ்வொரு பிள்ளையையும் தன் வீட்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து செய்கிற ஓர் அசைவைக் கொண்டுவரச் சொல், அதை மெதுவாகச் செய்யட்டும், வேகமாகச் செய்யட்டும், உட்கார்ந்து செய்யட்டும், பிறகு எல்லாவற்றையும் அவர்களே கோத்துக்கொள்ளட்டும், அதுதான் அவர்களுடைய நடனம் என்றாய். முப்பத்திரண்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு மகள் பாடம் எடுக்கிறாளே என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். இரண்டாம் வகுப்பில் பதினாலு பிள்ளைகள். படுகர் வீட்டுக் கீர்த்திவாசன் ஹெத்தையம்மன் பண்டிகையில் பெரியவர்கள் வட்டமாக ஆடுகிற அடியைக் கொண்டுவந்தான். கூடலூரிலிருந்து வந்த பிள்ளை ஓணத்துக்குக் கைகொட்டிச் சுற்றுவதைக் காட்டினாள். நம் சபை ஜினோ, கிறிஸ்துமஸுக்குக் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது குளிருக்குக் காலை மாற்றி மாற்றிக் குதிப்பதைச் செய்து காட்ட எல்லோரும் சிரித்தோம். ஆன்சி மட்டும் மூன்று நாள் சும்மா நின்றாள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் அது, அவள் அம்மா மாலதி பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கிற எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள், தற்காலிக ஆள்தான், இருப்பது லயத்தில், எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று.

நாலாம் நாள் ஆன்சி முன்னால் வந்தாள். ஓர் அடி பக்கவாட்டில் இறங்கி நின்றாள், தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கினாள், முகத்தைக் கவிழ்த்துப் பத்து எண்ணுகிற நேரம் அசையாமல் நின்றாள், பிறகு துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு மேலே ஏறினாள். இது என்ன கண்ணு என்று கேட்டேன். எங்க லயத்துல எல்லாரும் சேந்து செய்யிறது இதுதான் டீச்சர் என்றாள். இரண்டு நாள் கழித்து ஒரு பையன் வாயாலேயே ஹார்ன் அடித்துக்கொண்டு குறுக்கே ஓட, மற்றவர்கள் வரிசையாக இறங்கி நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மேனேஜர் துரையின் ஜீப் வந்தால் அவர்கள் பாதையை விட்டு ஓடைக்குள் இறங்கி நிற்கிறார்களே, அது. தினமும் பஸ் ஜன்னலில் நான் பார்க்கிறதுதான். அப்போதே நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. ஒத்திகையை உனக்கு வீடியோவில் அனுப்பி, விஷயத்தையும் சொன்னேன். அம்மா, இருக்கிறதிலேயே இதுதான் அழகு, இதை நடுவில் வை, நிகழ்ச்சித் தாளில் ஒவ்வொரு அசைவுக்கும் நேரே கொண்டுவந்த பிள்ளையின் பெயரைப் போடு, படைத்தவர்களுக்கு மரியாதை கொடுக்க வேண்டாமா என்றாய். போட்டேன். ஹெட்மாஸ்டர் சில்வஸ்டர் சார் தாளைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை, எழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் அந்த மேனேஜர்தான், நம் பள்ளிக்கூடத்துக் கூரைத் தகடு எஸ்டேட் போட்டுக் கொடுத்தது. பதினாலு பிள்ளைகளும் ஒன்றாகத் துண்டை உருவிக் குனிந்தபோது பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், நிஜமாகவே சந்தோஷமாகச் சிரித்தார்கள். அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான், சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு கையிலிருந்த நிகழ்ச்சித் தாளில் பெயரைப் பார்த்தார். பரிசு கொடுத்தார், டீ குடித்தார், கிளம்பினார். அவர் ஜீப் கேட்டைத் தாண்டும்போது வெளியே நின்றிருந்த பெண்கள் ஓடையில் இறங்கி, துண்டை உருவி, தலையைக் கவிழ்த்து நின்றார்கள். நம் பிள்ளைகளோ, அம்மாக்களும் ஆடுகிறார்கள் என்று நினைத்துக் கை தட்டினார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை, பெயர் கூப்பிட்டு வேலை கொடுக்கிற மஸ்டரில் மாலதியின் பெயரை வாசிக்கவில்லை. பத்து நாள் கழித்து வீட்டை ரிப்பேர் செய்யப்போகிறோம், காலி பண்ணு என்றார்கள், பக்கத்து வீட்டுக்கு ரிப்பேர் இல்லையாம். இப்போது அவள் எமரால்டு ஊரில் தங்கை வீட்டில் ஒரே அறையில் பிள்ளையோடு இருக்கிறாள். என்னிடமும் விளக்கம் கேட்டார்கள். சில்வஸ்டர் சாரே எழுதிக்கொண்டு வந்தார். அந்த அசைவு மாணவி தானாகச் செய்தது, அதன் பொருள் ஆசிரியைக்குத் தெரியாது என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். படைத்தவள் ஆன்சி என்று நான்தானே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன், மறுக்க ஒன்றுமில்லை.

நீ என்ன செய்தாய் கெஸியா? அங்கே ஆசிரியர் மாநாட்டில் அந்த ஒத்திகை வீடியோவைப் போட்டுக் காட்டினாய், எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள் அம்மா என்று செய்தி அனுப்பினாய், அந்த வாரம்தான் மாலதி சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மலையை வணங்கும் தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகள் என்று ஆங்கிலத்தில் தலைப்புப் போட்டு, கீழே ஆன்சி பெயரும் ஊர்ப் பெயரும் எழுதி இன்டர்நெட்டில் ஏற்றி வைத்திருக்கிறாய். மலையையா வணங்கினாள் அவள்? உனக்குத் தெரியும். தெரிந்தே போட்டாய், ஓடையில் இறங்கி நிற்பது என்று போட்டால் அங்கே யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். மாலதி கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனாளாம். ஆபீசில் இருந்தவர் போனைத் திருப்பி உன் வீடியோவைக் காட்டி, இந்தப் பிள்ளை உன்னோடதா என்று கேட்டாராம். எஸ்டேட் ஆபீஸ்காரர்கள் எல்லோரிடமும் அது சுற்றுகிறது. “டீச்சரம்மா, எனக்கு ஒண்ணும் வேணாங்க, எம் புள்ள மொகத்த மட்டும் அதுலருந்து எடுத்திரச் சொல்லுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை உனக்குப் போனில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். உன் வேலையை நிரந்தரம் செய்கிற குழு அடுத்த மாதம் அதைப் பார்க்க வேண்டும், அதுவரை இருக்கட்டும் என்கிறாய். அடுத்த மாதம் வரை மாலதி எதைச் சாப்பிடுவாள் என்று நீ கேட்கவில்லை.

உன்னை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போன செவ்வாய்க்கிழமை ஆன்சிக்கு டி.சி. வாங்க மாலதி வந்திருந்தாள். அவள் வெளியே நிற்க, பிள்ளை மட்டும் உள்ளே வந்து என் மேஜையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், நான் தப்பா ஆடிட்டேனா?” என்று கேட்டாள். சில்வஸ்டர் சார் எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்கு ரிட்டயர்மென்டுக்கு இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. ஆமா கண்ணு, தப்பு என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வகுப்பில் நான் எதைத் திருத்தினாலும் அப்படித்தான் ஆட்டுவாள், அடுத்த தடவை சரியாகச் செய்கிறேன் என்கிற மாதிரி. அதற்குப் பிறகு எனக்குக் கோயிலில் முழங்கால் போட்டாலும் ஜெபம் வரவில்லை.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. அங்கே குளிர்காலம் வருகிறது, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. அந்தக் குழந்தையிடம் பொய் சொல்லி என் வேலையை நான் காப்பாற்றிக்கொண்டேன், நீயும் அதையே செய்யாதே. வீடியோவை எடுத்துவிட்டு, எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி மட்டும் போடு, சனிக்கிழமை எமரால்டு போய் மாலதியிடம் காட்ட வேண்டும். வேறு சமாதானம் எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
தபித்தாள் ஞானசீலன்