தோல் பெல்ட்டில் ஒட்டிய பஞ்சு

நண்பரே,

கோவையாகச் சொல்ல எனக்கு வராது. அதனால் முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. இன்று காலை என் சீப்பில் ஒட்டிய பஞ்சு.
2. அவிநாசியில் உங்கள் மாமாவின் ஜின்னிங் ஆலை, பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்குமிடம்.
3. நாம் கடைசிவரை வாதாடியது: சமமான இரண்டு எதிர் மின்னேற்றங்கள் அருகருகே இருந்தால், தூரத்தில் அவற்றின் விளைவு பூஜ்யம்.

காலையில் தலை வாரிவிட்டுச் சீப்பைக் கட்டிலில் வைக்கப் போனேன். கிழிந்த தலையணையிலிருந்து ஒரு பஞ்சு இழை எழும்பி வந்து அதில் ஒட்டிக்கொண்டது. நீங்கள் கண்மூடி ஒரு மாதம்தான் ஆகிறது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூர்க் கல்லூரியில் நாம் ஒரே மேசையில் செய்முறை செய்தோம். சோதனை உங்கள் கை, நோட்டு என் கை. வாய்மொழித் தேர்வென்றால் எனக்கு நாக்கு எழாது. தவறினால் படிப்பை விட்டுக் கிணத்துக்கடவுத் தோட்டத்துக்கே வந்துவிடு என்று அப்பா சொல்லியிருந்தார். தேர்வுக்கு முதல் நாள் என்னை ஆலைக்கு இழுத்துப் போனீர்கள். எந்திரத்தை ஓட்டும் தோல் பெல்ட்டின்மேல் பஞ்சு பாய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

“பஞ்சுல மின்சாரமே இல்லீங்களே, அப்புறம் ஏன் ஒட்டுது?” என்றேன்.

“இல்லாம இல்லீங்க. ரெண்டும் சமமா இருக்குது. பெல்ட்டுக்கிட்டப் போனதும் ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் ஒதுங்கிக்குது. கிட்ட இருக்கறதை இழுக்குது, எட்ட இருக்கறதைத் தள்ளுது. எது வலுக்குமுங்க?”

“கிட்ட இருக்கறதுதானுங்க.”

“அவ்வளவுதானுங்க டைபோல்ங்கற இருமுனை!”

பக்கத்தில் நின்ற ஃபிட்டர் சிரித்தார். “ஏனுங்க, இதுக்கெல்லாமா காலேஜுல படிக்கறீங்க? நாங்க தெனமும் தொடைச்சுப்போட்டுத்தான் ஊட்டுக்குப் போறோமுங்க.”

மறுநாள் தேர்வாளர் கேட்டது அதையேதான். இரண்டு முஷ்டிகளையும் இரண்டு மின்னேற்றங்களாக முன்னும் பின்னுமாக நீட்டிச் சொல்லிமுடித்தேன். “தூரத்தில்?” என்றார். “பூஜ்யம்” என்றேன். ஏனோ தலையசைத்து அனுப்பிவிட்டார். தேறினேன். என் வேலையும் சோறும் அந்தத் தேர்விலிருந்து வந்தவை, அதாவது, உங்களிடமிருந்து.

வெளியே நீங்கள் காத்திருந்தீர்கள். “பூஜ்யமில்லீங்க. தூரம் ரெட்டிச்சா எட்டுல ஒரு பங்காக் கொறையும். ஆனா இருக்கும்.”

அவ்வளவு சின்ன மீதியை யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். அதன்பின் சந்தித்தபோதெல்லாம் அதையே சொன்னேன். நீங்கள் சிரிப்பீர்கள்.

சற்று முன் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒன்று, மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒன்று, நான்கு மடங்கானால் அறுபத்து நான்கில் ஒன்று. எவ்வளவு தூரம் வைத்துப் பார்த்தாலும் பூஜ்யம் வரவில்லை.

என் மூன்றாவது குறிப்பு தப்புங்க.