எரிச்சல்: இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அனுப்பிய கண் சொட்டு மருந்தைப் பாப்பாவுக்கு இனி விடாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மருந்து கடைக்குப் போகும் முன் அதை முயல்களின் கண்ணில் விட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. விட்டுவிட்டுக் கூண்டருகே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பேன். ஒரு சத்தமும் வராது. தாளில் ‘எரிச்சல்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுவேன். மூன்று மாதமாக எல்லாவற்றுக்கும் ‘இல்லை’தான். அதை நம்பித்தான் மருந்து வெளியே போனது. உனக்கும் வந்தது.

இன்று மேலதிகாரி அம்மா தாள்களைப் புரட்டினார்.

“எப்படிம்மா எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்ட?”

“ஒண்ணுகூட கத்தலையே மேடம்.”

“முயல் லேசுல கத்தாதும்மா. வலிச்சா அப்படியே உறைஞ்சு உட்காந்துடும். இதென்ன நாய்க்குட்டியா, ஊரைக் கூட்ட?”

கூண்டுகளைப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. சமர்த்து என்று நேற்றுவரை தடவிக் கொடுத்தேன், அக்கா.

எரியுது என்று பாப்பா அழுவதாக முதல் வாரம் போனில் சொன்னாய். “எரியவே எரியாது, நல்லா நடிக்கிறா” என்று சிரித்தேன். இப்போதெல்லாம் அழுவதில்லை, அசையாமல் படுத்துக் கண்ணைக் காட்டுகிறாள் என்று நேற்றுச் சொன்னாய்.

உடனே போய் அவளைத் தூக்கிக்கொள்.

உன் தங்கை