துரைக்குப் போன மொட்டைக் கடிதம்

கொழும்பு
12.8.1981

அன்புள்ள பேச்சியம்மா,

வாய் மூடியிருந்தது போதுமென்று எழுதுகிறேன். நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நேற்றுத் தம்பி மாரிசாமி அச்சகத்துக்கு வந்திருந்தான். "அண்ணே, அண்ணி இப்ப கங்காணி. கொழுந்து நிறுக்கிற எடத்துல என்னையே வரிசையில நிக்க வச்சிருச்சு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்பே உனக்கு வந்திருக்க வேண்டிய வேலை அது. எஸ்.எஸ்.சி. படித்த எனக்குக் கிளாக்கர் வேலை தராத தோட்டத்துத் துரை உன்னைக் கங்காணி வேலைக்குக் கூப்பிட்டதை என்னால் தாங்க முடியவில்லை. அவர்மேல் அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. பொம்பளை சொல்லி ஆம்பிளைகள் கேட்கமாட்டார்கள் என்று அவருக்குப் பெயரில்லாமல் எழுதியவன் நான்தான்.

துரை உனக்கு அந்த வேலையைத் தராமல், கடிதத்தை உன்னிடமே கொடுத்துவிட்டார். என் எழுத்தென்று தெரிந்தும் நீ ஒன்றும் கேட்காமல் அடுப்பில் வைத்து எரித்தாய். அந்த அடுப்பிலேயே எனக்குச் சோறும் ஆக்கிப் போட்டாய். அதற்கு நன்றி சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆனது.

மாரிசாமி மறுபடி இங்கே வரும்போது கொஞ்சம் தேயிலைத்தூள் கொடுத்துவிடு. உன் பழைய கம்பளியையும் கொடு. இங்கே குளிரில்லை, இருந்தாலும் கொடு.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. கையெழுத்துப் போட வெட்கமாயிருக்கிறது. இதையும் பெயரில்லாமலே அனுப்புகிறேன். எழுத்து உனக்குத் தெரியும்.