தட்டி எழுப்பிய போன்

புதன்கிழமை, இரவு

பெரிய பேரன் வங்கி வேலைக்குத் தேறிவிட்டான். சின்னவன் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கினான். பேத்தி கோமதி கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். அவளிடம்தான் இன்று போனில் திட்டு வாங்கினேன்.

மிளகுக் கொடியடியில் ஈரம் பார்க்கும் பெட்டி ஒன்றை வைத்துப் போயிருக்கிறாள். பேட்டரி தீராமலிருக்க அது தூங்கித் தூங்கி விழிக்குமாம். போனும் அப்படித்தானாம். பெட்டியின் பொத்தானை அழுத்தினால் எத்தனை நொடியில் போனில் மணி அடிக்கிறது என்று இருபது தடவை எழுதித் தரவேண்டும். நாளைக்குக் கல்லூரியில் காட்டவேண்டுமாம்.

காலை முழுக்க நின்று எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் எண்ணில் பிழை விடமாட்டேன். எல்லாம் இரண்டு நொடி, மூன்று நொடி. போனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"போனத் தூங்க உட்டாத்தானுங்க அம்மாயி எத்தனை நேரமாகுதுன்னு தெரியும். நீங்க தட்டித் தட்டி எழுப்பியே வெச்சிருக்கீங்க."

"போன் தெரை இருட்டாப் போச்சேன்னு தட்டுனேன் கண்ணு. முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னனுங்க."

சொன்னாள்தான்.

மத்தியானம் மறுபடி போய்த் தொடாமல் நின்றேன். நாற்பது நொடி, ஒரு தடவை ஒரு நிமிஷமே ஆனது. பன்னிரண்டு எழுதுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. போதும் என்கிறாள். நிஜமாகவே போதுமா, எனக்காகச் சொல்கிறாளா?

சுவரில் இருப்பது அவள் பத்தாவதில் எடுத்த போட்டோ. நாளைக்குக் கல்லூரியில் இதைக் காட்ட நிற்கும்போது புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு, கண்ணு. போனில் வந்தால் மாட்ட முடியாது.