அப்பாவின் விசில்

சனி, இரவு

அம்மாவின் ‘நண்பர்’ பாலக்காட்டிலிருந்து வந்திருக்கிறார். இரண்டு வருடம் போனில் பேச்சு, இரண்டு நாள் நேரில் விருந்து. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று அம்மா நாளை சொல்ல வேண்டும். அப்பா இறந்து நாலு வருடமாகிறது.

யானைப் பயத்தால் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் இருட்டியபின் வீட்டுக்கு வருகிறவர்கள் விசில் அடிப்பார்கள். ஆளுக்கொரு விசில். அதை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டு கதவைத் திறப்பார்கள்; வரவேண்டிய கடைசி ஆளும் வந்ததும் தாழ் போடுவார்கள். இன்று அம்மாவை வம்புக்கு இழுக்க, வாசலில் நின்று அப்பாவின் விசிலை அடித்தேன்.

“இந்தா வாரேங்க,” என்று ஓடி வந்து கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்து அப்படியே நின்றாள்.

“ஏனுங்க, யாருங்க வந்தது?” என்றார் அவர் உள்ளிருந்து.

“யாருமில்ல.”

சிரிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

இப்போது மணி பதினொன்று. அம்மா இன்னும் கதவுக்குத் தாழ் போடவில்லை. அவரும் போடச் சொல்லவில்லை.